கோட்டின் இடது கை

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், வருகிற சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, நூலகத்துக்குப் பின்னாலுள்ள சமூகக் கூடத்தின் இரண்டாம் எண் அறையில், நம் சங்கத்தின் தலைவரும் உடைநாகரிக ஆலோசகரும் நான்காண்டு அயலக அனுபவம் வாய்ந்தவருமான தலைவர் அவர்கள், ‘அந்நிய மண்ணில் ஆடை: செய்வனவும் தவிர்ப்பனவும்’ என்னும் பொருளில் பேருரை ஆற்றுவார். குடும்பத்தோடு வருக. காலணியைத் துடைத்துவிட்டு வருக. தேநீர் உண்டு.

இந்த அறிவிப்பை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டவரும் தலைவர்தான். முதலில் வெறும் ‘உரை’ என்றுதான் இருந்தது. பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தபோது அது அவருக்குப் போதவில்லை.

சங்கத்தில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள். எல்லாருக்கும் அவர் தலைவர். வீட்டிலும் அப்படியே கூப்பிட்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். வீட்டில் ஜாடை புரிகிறவர்கள் யாரும் இல்லை.

அவருடைய மனைவியைச் சங்கத்தார் தையலக்கா என்பார்கள். ரயிலடிப் பக்கத்து வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், வாங்கிய துணியை ஆளுக்குத் தக்கபடி வெட்டித் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. நீளக் கால்சட்டையைக் குட்டையாக்குவாள், இடுப்பைப் பிடிப்பாள், ஜிப் மாற்றுவாள். அவளைவிட மூன்று வயது மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி வைத்திருக்கிறவர்களுக்கு அப்படி ஒரு மரியாதை.

சென்ற வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒன்று நடந்தது. கூட்டத்துக்குப் புடவையும் விளையாட்டு ஷூவுமாக வந்து நிற்காதே, ஒரு நாளாவது நாலு பேர் மதிக்கிற மாதிரி வா என்று தலைவர் சொன்னார். தையலக்கா தட்டுகளைத்தான் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

சனிக்கிழமை காலையில் அவளுக்கு முதல் வேலை தலைவரின் கோட்டை இஸ்திரி போடுவது.

கறுப்புக் கம்பளிக் கோட்டு. இந்த ஊருக்கு வந்த முதல் குளிரில் வாங்கியது. அதன் இடது கை முனையில், மணிக்கட்டுக்கு மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணி லேபிள். கம்பெனியின் பெயரும், நூறு சதவீதம் கம்பளி என்ற வாக்குமூலமும் பொன்னிற நூலில் பளபளவென்று இருக்கும். தலைவர் அதை மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் சோப்பு நுரை வைத்துத் துடைப்பார். லேபிளை மறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே கைக்கடிகாரத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். சங்கத்துப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அவருடைய இடது கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். கம்பம், நாற்காலி முதுகு, யாராவது ஒருவர் தோள்.

தையலக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கடை முதலாளியம்மா ஒரு புதுக் கோட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, தையல் பிரிக்கிற கொக்கியால் அதன் கை லேபிளை நாலே இழுப்பில் பிரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கடையில் வரிசையாகத் தொங்கும்போது எந்தத் துணி என்று பார்த்தவுடன் தெரிவதற்காகத் தைக்கிற சீட்டு அது, வாங்கியவர்கள் பிரித்துவிட வேண்டும், மறந்தவர்களுக்கு நாம் இலவசமாகப் பிரித்துக் கொடுக்கிறோம் என்று விளக்கம் சொன்னாள். இப்படியே போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு என்று சொல்லிச் சிரித்தாள்.

தையலக்காவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவளுக்கு வீட்டுக் கோட்டு ஞாபகம் வந்தது.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்று மாலையே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ரயிலடிக்குப் போய் நின்றாள். எப்படிச் சொன்னால் மனுஷனுக்குக் கோபம் வராது, எந்த இடத்தில் சிரிக்கலாம் என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு. முதல் நாள் வேலை என்று நல்ல புடவை, அதன்மேல் ஸ்வெட்டர், வழுக்காமல் இருக்க வெள்ளை விளையாட்டு ஷூ. தலைவர் தன் அலுவலகத்து ஆள் ஒருவரோடு வந்தார். அவளைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். பிறகு, வழியில் ஒரு தூண் இருந்தால் எப்படி விலகிப் போவோமோ அப்படி விலகிப் போனார். அவள் பத்தடி பின்னால் நடந்து, அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறி, வீட்டுக்கு வந்தாள். கவனிக்கவில்லை என்றார் தலைவர்.

அவளும் லேபிளைக் கவனிக்காமலே இருந்துவிட்டாள்.

முதல் வாரம் அதில் ஒரு குரூரமான ருசி இருந்தது. பிறகு ருசி போய்விட்டது, வழக்கம் மட்டும் மிஞ்சியது. ஒரு மாதம் கழித்துச் சொன்னால், ஒரு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் கேட்கவே வேண்டாம். கடையில் வாரத்துக்கு முப்பது லேபிள் பிரிக்கிறவள், வீட்டில் அந்த ஒன்றைச் சுற்றி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீ அதைத் தொட மாட்டியா?”

மகள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். பதினாறு வயது. கூட்டத்துக்கு வரவில்லை என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

“எதை?”

“எதைன்னு உனக்குத் தெரியும். நீ செய்யிற வேலையே அதுதானே.”

இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றது. துணி பொசுங்கும் முன் தையலக்கா எடுத்துவிட்டாள். மகள் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டு போனாள். போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அப்பா வந்தபோது, அந்தக் கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாரா என்று வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாளாம். அதற்குப் பிறகுதான் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவே வரட்டும் என்று இவள் அடம்பிடித்தது.

“நீ ஏன்டி அப்பாகிட்ட சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.”

மகள் தண்ணீர் குடிக்க வந்தவள்போலக் குடித்துவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்குக் கூடத்தில் நாற்பது நாற்காலி நிறைந்துவிட்டது. தையலக்கா புடவையும் விளையாட்டு ஷூவுமாகத்தான் போனாள். அதில் வீம்பு பாதி, வெளியே தெருவெல்லாம் ஈரமாக இருந்தது பாதி. தலைவர் வாசலில் அவளைப் பார்த்து ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேருரையை முழுக்கச் சொன்னால் இதழ் தாங்காது. கறுப்பு ஷூவுக்கு வெள்ளைக் காலுறை போடுகிறவர்களை அவர் கண்டித்தார். கழுத்துப்பட்டையின் நுனி தொப்புளைத் தாண்டக் கூடாது என்று தன் தொப்புளையே சுட்டிக் காட்டினார். குல்லாயை வீட்டுக்குள்ளும் கழற்றாதவர்களைப் பற்றி வேதனைப்பட்டார். பெண்கள் பக்கம் திரும்பி, பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் புடவைக்குக் கீழே விளையாட்டு ஷூ போடுகிறவர்கள் நம் எல்லாருடைய மானத்தையும் சேர்த்து மிதிக்கிறார்கள் என்றார். பெயர் சொல்லாதது நல்லதாகப் போயிற்று. நாற்பது பேரும் பார்த்தது ஒரே ஜோடி ஷூவைத்தான்.

தையலக்கா காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். காது மடல் சுட்டது. நல்லா பேசுங்க, கையை நல்லா உயரத் தூக்கிப் பேசுங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தலைவர் தூக்கினார்.

“ஒரு கோட்டுக்கு அடையாளம் இதுதான்” என்று இடது கையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். “இதைப் பிரிச்சிட்டா நீங்க போட்டிருக்கிறது பத்தோட பதினொண்ணு. படிச்சு வாங்கின பட்டத்தை யாராவது கிழிச்சுப் போடுவாங்களா? நான் சொன்னதைக் கேட்டவங்க கையைத் தூக்குங்க பாப்போம்.”

பதினோரு இடது கைகள் எழுந்தன. பதினோரு லேபிள்.

மாதக் கூட்டங்களில் இவற்றை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்ததுதான். எல்லாம் சேர்ந்து உயர்ந்து நின்றது இதுதான் முதல் தடவை. தன் வீட்டுச் சண்டை என்று அவள் பூட்டி வைத்திருந்த ஒன்று, பதினோரு பேர் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது.

கேள்வி நேரம் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். ஊரில் இருபது வருஷம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால் கூடவே வந்து, ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ஒரு நேர்காணல் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருக்கிறார்கள், அவசரம் போலிருக்கிறது. அவருடைய லேபிளில் ஒரு மூலை பிரிந்து தொங்குகிறதாம். பசை போட்டு ஒட்டலாமா என்று கேட்டார்.

தலைவருக்கு முகம் மலர்ந்தது. “பசை எதுக்கு, நம்ம வீட்டுலயே ஆள் இருக்கும்போது? ஏம்மா, வந்து இவருக்குத் தச்சுக் குடு. இவ செய்யிறது தொழில்முறை வேலை, வாத்தியாரே. கோட்டு கிழிஞ்சாலும் லேபிள் கிழியாது.”

கூட்டம் கை தட்டியது. கைப்பையில் எப்போதும் ஊசிநூல் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தையல் பிரிக்கிற கொக்கியும் அதில்தான் இருந்தது. விரல் முதலில் அதில்தான் பட்டது.

அவள் ஊசியை எடுத்தாள்.

எழுந்து நின்று, ஐயா இது கடைச் சீட்டு என்று சொல்ல நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தையில் தலைவர் மேடையில் நின்றபடியே கரைந்துபோவார். காலையில் கேட்டிருந்தால், கரையட்டும் என்றுகூடச் சொல்லியிருப்பாள். நாற்பது முகத்துக்கு நடுவில், கோட்டை மடியில் விரித்த பிறகு, கை தானாகத் தைத்தது. நாலு மூலையை மட்டும் தைத்தால் போதாது என்று நாலு பக்கமும் பொடித் தையல் போட்டது. வாத்தியார் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏழு மாசமா வீட்டுக்காரி கைய எதிர்பார்த்து உக்காந்திருக்கேன் அக்கா. அவ ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் தாங்கல. நாளைக்காவது...” என்று சொல்லி நிறுத்தினார்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் கோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நன்றி என்று அவர் சொன்னதற்கு அவள் தலையை ஆட்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தபோது மணி நாலு. தலைவர் வெற்றி வீரரைப்போல வந்தார். தேநீர் கொஞ்சம் ஆறிவிட்டது என்பதைத் தவிர அவருக்குக் குறை இல்லை.

“என்னங்க” என்றாள் தையலக்கா. “அந்த லேபிளைப் பிரிச்சிடணும். அது கடைக்காரங்க தைக்கிற சீட்டு. யாரும் அதோட போடறதில்ல.”

தலைவர் நடந்துகொண்டே இருந்தார். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றார். இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்தக் கையைப் பைக்குள் அவள் பார்த்ததே இல்லை.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“முதல் குளிரிலேயே தெரியும். ஆபீஸ்ல பக்கத்து மேஜைக்காரன் ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினான். எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க. எங்க பக்கத்துல இது இப்படித்தான்னு சொல்லிட்டேன்.” விளக்கு பச்சையானது. அவர் கடக்கவில்லை. “மறுநாள் பிரிச்சிட்டுப் போனா, முந்தின நாள் தெரியாம போட்டவன்னு ஆயிடும் இல்லையா?”

“சரி, உங்க கோட்டு. ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் ஏன் சொன்னீங்க?”

“நான் ஒருத்தன் போட்டா அது தப்பு. பன்னெண்டு பேர் போட்டா அது வழக்கம்.”

இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. நாலு வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் சொன்னார். பேருரை ஆற்றிய தொண்டை அதுதான் என்று நம்ப முடியவில்லை. பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் ரயிலடிக்கு வந்தேன். நீங்க முன்னால போயிட்டீங்க. கூப்பிட்டா கேக்கிற தூரத்துல இல்ல.”

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததால், அன்று கவனித்திருக்கிறார் என்று தெரிந்தது. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி சிவப்பு வந்தது.

வாத்தியார் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். நர்ஸம்மாவின் சீருடையைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததில் வழி தெரியும், பஸ்ஸில் ஐந்து நிறுத்தம். தலைவர் வேண்டாம் என்றார். ஒருவருக்குச் சொன்னால் பதினோரு பேருக்கும் போய்விடும், அடுத்த மாதம் சங்கத் தேர்தல் இருக்கிறது, வாத்தியாருக்கு மட்டும் வேறு ஏதாவது காரணம் சொல்லிப் பிரித்துவிட முடியாதா என்று கேட்டார். அதைக் கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் கேட்டார். அவள் பஸ்ஸில் ஏறினாள்.

கதவைத் திறந்த வாத்தியார் கைலியும் ஸ்வெட்டருமாக இருந்தார். நர்ஸம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஒற்றை அறை. ஜன்னல் கம்பியில் கோட்டு மாட்டியிருந்தது. தையலக்கா உட்காராமலே அதை எடுத்தாள், பிறகு உட்கார்ந்தாள். பொடித் தையல். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகக் கொக்கியால் தூக்க வேண்டியிருந்தது. கடையில் நாலு இழுப்பில் முடிகிற வேலை, தன் கைத்தையலின் நேர்த்தியால் கால்மணி நேரம் பிடித்தது. தலையை நிமிர்த்தாமலே விஷயத்தைச் சொன்னாள்.

வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் விரல் விட்டு எண்ணினார்.

“இதுக்கு முன்னாடி நாலு இன்டர்வியூக்கு இதைத்தான் போட்டுட்டுப் போனேன் அக்கா. ஒரு இடத்துல ஒரு அம்மா என் கையையே பாத்துட்டிருந்தாங்க. கை நடுங்குறதைத்தான் பாக்கறாங்கன்னு நெனச்சு மேஜைக்குக் கீழ வச்சுக்கிட்டேன்.” கோட்டின் கையைப் பார்த்தார். “அப்ப, கிடைக்காம போனது இதனாலதானா?”

அந்தக் கேள்வியில் ஒரு நப்பாசை இருந்தது. ஆமாம் என்று சொன்னால் மனுஷனுக்கு ஆறுதலாக இருக்கும். ஆமாம் என்று சொன்னால் அந்த நாலும் அவள் கணக்கில் வந்து சேரும். அவள் கடைசிக் கண்ணைக் கொக்கியால் தூக்கினாள்.

“தலைவருக்கு இது தெரியுமா?” என்று கேட்டார்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. திரையில் கணவர். அவள் எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அதிர்ந்தது.

“எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். இன்னிக்கு மத்தியானம் தைக்கும்போதும் தெரியும்” என்றாள்.

வாத்தியார் எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அடுப்பைப் பார்த்தபடியே அவர் நிற்க, லேபிள் இருந்த இடத்தில் துணி கொஞ்சம் கறுப்பாகத் தனித்துத் தெரிந்ததை அவள் ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். இஸ்திரி வைத்தால் போய்விடும், நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், அதற்குள் எடுத்துப்போய் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

கிளம்ப வேண்டியதில்லை என்றார் வாத்தியார். கோட்டைப் போட்டுக்கொண்டு பேசினால் குரல் கம்பீரமாக வரும் என்று தலைவர் சொல்லியிருந்தாராம். நாளைய நேர்காணல் தொலைபேசியில்.